டீச்சர் போட்ட தமிழ்

கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் நின்றபடி ஓர் அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான் நிஹால், கண்ணை மூடினால் தவமலருக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்தப் பாழாய்ப்போன சிரிப்புதான், மலை சரிந்து ஆற்றங்கரைத் தெரு முழுகிய வருடம் அது, அரசாங்க லாரி மூன்று நாளாகியும் எட்டிப் பார்க்கவில்லை, மருந்துக்கடை நிஹாலும் அவனுடைய தாய்மண் காவலர் இயக்கத்துப் பையன்களும்தான் வந்தார்கள், தமிழ் வீடா முஸ்லிம் வீடா என்று கேட்கவில்லை, அப்படி வந்தவனை எப்படிச் சந்தேகப்படுவது, வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கே வந்தான், டீச்சர், உங்களுக்கு சிங்களம் தமிழ் ரெண்டு பாஷையும் தெரியும்தானே, இதைக் கொஞ்சம் தமிழ்ல போட்டுத் தாங்க, இரத்ததான முகாம் அறிவித்தல், போட்டுக் கொடுத்தாள், அடுத்தது சாக்கடைக் கான் துப்புரவு, போட்டாள், அதற்கடுத்து நம்மவர் கடைகளிலேயே வாங்குவோம் என்று ஒன்று, நம்மவர் என்றால் யார் என்று கேட்க வாயெடுக்கிறாள், கேட்கவில்லை, அவன் அவள் போட்ட தேநீரை ருசித்துக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

நான்காவது தாளில் ஒரு கடையின் பெயரே இருந்தது, பக்கத்து வீட்டு ஜெஸீமாவின் துணிக்கடை, தவமலருக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கூடவே கிடந்தவள் ஜெஸீமா, சிங்களத்தில் துரத்துங்கள் என்றிருந்தது, தவமலர் அதை அருள்கூர்ந்து தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று மாற்றினாள், முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, முள்ளை மழுக்கிவிட்டதாகத் தன்னையே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தாள், ஒரு மாதத்தில் அந்தக் கடைக்குள் ஆள் ஏறவில்லை, தவமலரே எதிர்ப்பக்கமாய் நடந்தாள், பிறகு ஒரு மத்தியானம் ஊர்வலம் வந்தது, துணிச் சுருள்களை இழுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள், பொலிஸ்காரர் வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார், புகை நாற்றத்தோடு ஜெஸீமா வந்து நிற்கிறாள், கையில் அந்தத் தாள், அருள்கூர்ந்துன்னு எழுதுறது இந்த ஊர்ல நீங்க ஒராள்தானே டீச்சர், இல்ல ஜெஸீமா, ரொம்ப மோசமா இருந்திச்சு, நான் கொறச்சுத்தான் போட்டேன், கொறச்சிப் போட்டதாலதான் டீச்சர் சனம் வாசிச்சாங்க, உள்ளபடி போட்டிருந்தா நாலு பேராவது காறித் துப்பிக் கிழிச்சிருப்பாங்க, அவ்வளவுதான், மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள்.

தேர்தலில் நிஹால் ஜெயித்தான், நகரசபைத் தலைவரானான், இப்போது வீடு தேடி வருவதில்லை, ஆளனுப்பிக் கூப்பிடுகிறான், உட்காரச் சொல்லவில்லை, ஒரு தாளை நீட்டுகிறான், தமிழ்ப் பெயர்ப்பலகைகளை ஏழு நாளில் இறக்க வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடக் கட்டடம் தாய்மண் காவலர் பயிற்சிக்கு, எதிர்க்கும் வந்தேறிகள் அப்புறப்படுத்தப்படுவார்கள், அவள் இருபது வருடமாய்ப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம், நீங்க எழுதினா சண்டை வராது டீச்சர், அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது, இத்தனை வருடமும் தான் யாருக்கு உழைத்தோம் என்பதை அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டு நின்றாள், அவன் மேசையிலேயே குனிந்து எழுதினாள், வந்தேறிகள் என்பதை வந்தேறிகள் என்றே, ஒரு சொல்லைக்கூடத் தடவிக்கொடுக்காமல், வாசித்துப் பார்த்தவன் முகம் சுருங்கியது, பழைய மாதிரி போடுங்க, மாட்டேன், இது நீங்க சொன்னதுதான், வேணுமுன்னா நீங்க மாத்துங்க, அவன் கிழித்துப் போட்டான், மனப்பாடமாகிவிட்ட அதையே அவள் பள்ளிக்கூட வாசலில் கரும்பலகையை நிறுத்தி எழுதினாள், இதுவரை வந்த எல்லாத் தாளும் நான் போட்டவைதான் என்று சேர்த்து எழுதித் தன் பெயரையும் போட்டாள், சாயந்திரத்துக்குள் தேயிலை மலையிலிருந்து சனம் இறங்கி வந்துவிட்டது, அவர்களில் சிலர் அவளை முகத்துக்கு நேரே ஏசினார்கள், ஏசிவிட்டு அவளோடே வாசலை மறித்து நின்றார்கள்.

எட்டாம் நாள் கட்டடம் போய்த்தான் போனது, தவமலரின் வேலையும் போனது, வாசலில் விழுந்த தடியடியில் முறிந்த வலது மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, பிள்ளைகளுக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாடம் நடக்கிறது, நிஹாலின் காவலர்கள் அங்கேயும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஜெஸீமாவுக்கு இடக்கையால் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள், பதில் இல்லை, ஏன் பதில் போடவில்லை என்று கேட்க அவளுக்கு வாயும் இல்லை.