நாலாவது பாட்டில் மயில்

சோலைராஜின் குரலுக்கு முதன்முதலில் மரியாதை கொடுத்தவை மயில்கள்தான். அதுவரைக்கும் மனுசர் யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கிற மாதிரி அவனும் பாடவில்லை என்பது வேறு விஷயம்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன் அவன். வயது முப்பத்தொன்று, முடி முதுகு வரைக்கும். கிட்டாருக்குக் கிருஷ்ணகுமார், டிரம்ஸுக்குப் பாண்டியராஜன், தொண்டைக்கு இவன் என்று மூன்று பேர் சேர்ந்து 'வெடிப்பு' என்றொரு டெத் மெட்டல் குழு, அதாவது பாடுவதற்குப் பதில் உறுமுகிற ராக் குழு, வைத்திருந்தார்கள். சும்மா டெத் மெட்டல் இல்லை, பரிசோதனை டெத் மெட்டல். அப்படி என்றால் என்ன என்று அச்சக முதலாளி கேட்டபோது அரை மணி நேரம் விளக்கினான். எல்லாம் கேட்டுவிட்டு, "தொண்டைக்கு டாக்டர்ட்ட காமிச்சியாப்பா?" என்றார் அவர்.

ஒரு பழைய பருத்திக் குடோனில் இரண்டு வருஷம் மெனக்கெட்டு ஆல்பம் பதிவு செய்தார்கள். பெயர் 'பாளம்', கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கிற பாளம். ஐந்து பாட்டு, முப்பத்தெட்டு நிமிஷம். அச்சு மெஷின் ஓடுகிற சத்தத்தைத் தாளமாக வைத்தார்கள். வத்தல் அரைக்கிற மில்லின் சத்தத்தைச் சுருதிக்கு வைத்தார்கள். நாலாவது பாட்டுத்தான் உச்சம். அரை நிமிஷம் உறுமல், அதற்கப்புறம் ஏழு நிமிஷம் ஒன்றுமே கிடையாது. மழைக்கு வாய் பிளந்து கிடக்கும் கரிசலின் மௌனம் அது என்று சோலைராஜ் சொன்னான்.

"கேக்கவன் போன் கெட்டுப்போச்சுன்னு நெனப்பான்டே. ஒரு நிமிசம் போதும்" என்று கிருஷ்ணகுமார் கெஞ்சிப் பார்த்தான்.

"ஒரு நொடிய வெட்டுனாலும் நான் குழுவுல இல்ல" என்று சொல்லிவிட்டான் சோலைராஜ். உலகமே காத்துக்கிடக்கிற மாதிரி அப்படி ஒரு வீறாப்பு.

உலகம் காத்துக்கிடக்கவில்லை. இணையத்தில் ஏற்றி ஒரு மாதத்தில் அறுபத்திரண்டு பேர் திறந்திருந்தார்கள். யார் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைக்கூட அந்த இணையப் பக்கம் ஈவிரக்கமில்லாமல் காட்டியது. இரண்டாவது பாட்டைத் தாண்டியவர் ஒரே ஒருவர். அதுவும் சரிபார்ப்பதற்காகத் திறந்த சோலைராஜ்தான். பாட்டெல்லாம் தமிழில்தான் எழுதியிருந்தான், ஆனால் ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. புரியாமல் இருப்பதுதான் அந்த வகைப் பாட்டில் அவனுக்கு இருந்த பெரிய சௌகரியம். இருந்தாலும், தீபாவளிக்குள் ஒரே ஒரு ஆளாவது முதலில் இருந்து கடைசி வரை கேட்க வேண்டும், இல்லையென்றால் முடியை வெட்டிப்போட்டு அக்காவின் கணவர் மச்சானோடு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவது என்று மனசுக்குள் கெடு வைத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனான். புதூர் பக்கம் அவளுக்கு மூன்று ஏக்கர். புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் பாசிப்பயறை விதைத்துவிட்டாள். மழை விழுகிற வரைக்கும் விதை அப்படியே மண்ணுக்குள் கிடக்கும். கிடக்க விடுமா மயில்? காலையிலும் சாயங்காலமும் கூட்டமாக இறங்கிக் கிளறித் தின்றுவிடும். மச்சான் திருப்பூரில். அவள் ஒருத்தி எத்தனை பக்கம்தான் ஓடுவாள்? காய்கறி வண்டிக்காரர்கள் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, "ஏய், ஓய்" என்று யாரோ கத்தியதைப் போட்டுவிட்டிருந்தாள். நாலே நாளில் மயில்கள் அதன் தலையில் ஏறி நின்றன.

"அக்கா, நம்ம ஆல்பத்தக் கேட்டுப் பாரேன்" என்று சோலைராஜ் பெருமையோடு பென்டிரைவைச் சொருகினான். முதல் உறுமலிலேயே வேலியில் இருந்த எட்டு மயிலும் ஓடைக்கு அந்தப்பக்கம் பறந்துவிட்டன.

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஏலே, இத இங்கனயே வச்சிட்டுப் போ."

கலைஞனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்துவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நாலாவது பாட்டுல சத்தம் நின்னுபோவுதுலே. மயிலுக்கு அது தெரிஞ்சுபோச்சு. ஒறுமல் நின்னதும் எறங்கிருது, அஞ்சாவது பாட்டு ஆரம்பிக்கவும் போயிருது. ஒரு எட்டு வந்து பாரு."

சோலைராஜுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாலாவது பாட்டு வரை ஒருத்தி கேட்டிருக்கிறாளே! மறுநாளே லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். கூட்டாளிகளுக்காக ஒரு நொடி வெட்டாதவன், மயிலுக்காக ஏழு நிமிஷத்தை வெட்டப் போனான். வழியெல்லாம் அவனுக்கே சிரிப்பாக வந்தது.

சாயங்காலம் புஞ்சையில் வேப்ப மரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் லேப்டாப்பைத் திறக்கவும், "எதுக்கு அது?" என்றாள்.

"அந்த எடத்த வெட்டிருதேன்க்கா."

"வெட்டச் சொன்னனா? வந்து பாருன்னுதான சொன்னேன்." அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவ கேக்கேன்லே. மொதல்ல பன்னி கத்துத மாதிரிதான் இருந்துச்சு. அஞ்சாறு நாளுல ஒவ்வொரு வார்த்தையா வெளங்க ஆரம்பிச்சிட்டு."

சோலைராஜ் லேப்டாப்பை மூடினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இதே புஞ்சையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவன் குடோனில் ஒத்திகையில் இருந்தான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னான். அக்காவிடமும் அதையேதான் சொன்னான்.

"'பேரப் பாத்துத்தான் போனை அணைச்சேன், அப்பா'. அப்படித்தான வருது இந்தப் பாட்டுல?" என்றாள் பாண்டிச்செல்வி.

அவன் தலையை ஆட்டினான். முப்பத்தெட்டு நிமிஷம் கத்தத் தெரிந்தவனுக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கி ஒனக்கு ஏழு தடவ போன் அடிச்சேன். அதுக்குத்தான் அந்த ஏழு நிமிசமா?"

மறுபடியும் தலையை ஆட்டினான். கரிசலின் மௌனம், மண்ணாங்கட்டி. இத்தனை பேருக்கு அளந்துவிட்டதை நினைக்க அவனுக்கே கேவலமாக இருந்தது.

"வெளங்குன அன்னைக்கி ஸ்பீக்கர ஒடச்சிப் போட்டிருப்பேன். வெத கெடக்கே, அதுக்காக விட்டேன். கோவம் இன்னும் போவலலே. போவும்னும் தெரியல. ஆனா நீ பொய் சொல்லிட்டு நிம்மதியா இருந்திருக்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். நிம்மதியா இருக்கலன்னு இப்பத்தான் தெரியுது. அத வெட்டாத. கெடக்கட்டும்."

"வெத போயிருமேக்கா."

"அந்த ஏழு நிமிசம் நான் எந்திச்சுப் போயி வெரட்டுதேன். இத்தன நாளா அதத்தான் செய்யுதேன்."

நாலாவது பாட்டு வந்தது. அரை நிமிஷம் உறுமிவிட்டு ஸ்பீக்கர் ஓய்ந்தது. மயில்கள் நேரம் தெரிந்து ஒவ்வொன்றாய் வேலி தாண்டி இறங்கின.

"இன்னைக்கி நீ போ" என்றாள் அக்கா.

சோலைராஜ் புழுதிக்குள் ஓடினான். உறுமத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது அழுகை. இரண்டு வருஷமாக வராதது, மூக்கும் சளியுமாக, சுருதியும் தாளமும் இல்லாமல் வந்தது. மயில்கள் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் கிளற ஆரம்பித்தன.

பாண்டிச்செல்வி பின்னாலேயே வந்து ஒரு மண்கட்டியை எடுத்து வீசினாள். நாலைந்து பறந்தன. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"அழுதுக்கிட்டே எறி. கெழக்க ரெண்டு மேயுது பாரு" என்றாள்.