தையல்காரி வீட்டுக்கு மேலே நின்ற குண்டு

சண்டை நின்ற அன்று கடைசியாகப் போட்ட குண்டு, தையல்காரியின் வீட்டு ஓட்டுக்கு ஓர் ஆள் உயரம் மேலே வந்து, ரேடியோவில் போர்நிறுத்தச் செய்தி வாசித்த நிமிடத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. ராணுவத்தார் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். விழுந்த குண்டை எடுப்பதுதான் தங்கள் வேலை, இது இன்னும் விழவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மழையில் அது நனைந்தது, வெயிலில் காய்ந்தது, காக்கைகள் அதன் மேல் உட்கார்ந்து பழகின. தையல்காரி வீட்டை விட்டு நகரவில்லை. சண்டைக் காலத்தில் மூன்று முறை மூட்டை கட்டியாயிற்று, இனிக் கட்ட உடம்பில் தெம்பில்லை என்றாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். எந்த வளைவிலும் வேகத்தைக் குறைக்காத ஆசாமி, அந்தக் கூரைக்கு அடியில் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்று தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார். தெருவில் நின்றபடியே தட்டை வாங்கிக்கொள்வார். இப்படியே ஏழு வருஷம் ஓடியது. தையல்காரிக்குக் குண்டின் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்று சாப்பிடும் புருஷனைப் பார்த்தால்தான் வயிறு எரிந்தது.

நிவாரண நிறுவனத்தார் வந்தார்கள். வாளி, சோப்பு, தார்ப்பாய் கொடுத்தார்கள். தார்ப்பாயைக் குண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு, சண்டையில் எதிரெதிராக நின்றவர்கள் என்பதால், சாலைக்கு இந்தப் பக்கத்தாரை ஒரு நாள், அந்தப் பக்கத்தாரை ஒரு நாள் என்று பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்டார்கள்: "உங்களுக்குச் சமாதானம் வேணுமா?"

அந்த ஊரில் சமாதானம் என்றால், தப்புப் பண்ணியவன் மழுப்பச் சொல்லும் சாக்கு. வீடு எரிந்தபோது அதிகாரிகள் வந்து சொன்னது சமாதானம். பிள்ளைகளைப் பிடித்துப் போனவர்கள் சொன்னதும் சமாதானம். தையல்காரி எழுந்து நின்றாள். "சமாதானம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுங்க. இனிமே யாரும் எங்களுக்குச் சமாதானம் சொல்ல வரவேணாம்." கூட்டமே கைதட்டியது. மொழிபெயர்ப்பாளர் வெளியூர்க்காரர், பாவம். காதில் விழுந்ததை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னார். இந்தப் பக்கத்து மக்களுக்குச் சமாதானத்தில் விருப்பமில்லை என்று மேலே தகவல் போனது. அடுத்த மாதம் வாளி வரவில்லை.

அந்தப் பக்கத்திலும் வாளி நின்றுபோயிருந்தது. விவரம் கேட்க முதலில் சாலையைக் கடந்து வந்தவர் அங்கிருந்த கொத்தனார். "அக்கா, நீங்க அவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?" என்றார். அவள் சொன்னாள். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அட, நாங்களும் அட்சரம் பிசகாம அதையேதான் சொன்னோம்!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரி வீட்டு ஆளோடு நின்று இப்படிச் சிரிக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "அது நான் போட்டது, அக்கா" என்றார். மேலிடத்து உத்தரவு, காற்று திருப்பிவிட்டது, அப்போது வயசு அப்படி என்று ஏதாவது வரும் என அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "நான்தான் போட்டேன்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு நின்றார். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் போய் ஏணியை எடுத்துவந்து சுவரில் சாத்தினாள்.

கொத்தனார் ஏறிக் கையை நீட்டியதும் குண்டு, சொந்தக்காரனைக் கண்ட மாடு மாதிரி மூக்கைத் திருப்பிக்கொண்டு அவரிடம் வந்தது. எடையே இல்லை. தையல்காரி நூல்கண்டை எறிந்தாள். அவர் அதைக் குண்டின் வாலில் இரண்டு நூலாகக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு நூலை அவரும் இன்னொரு நூலை அவளும் பிடித்து, குண்டைத் தெருவழியே நடத்திப் போனார்கள். இரண்டு பக்கத்து ஜனங்களும் வாசலுக்கு வந்து, கரண்ட் கம்பி இருக்கு, பார்த்து, கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஊருக்கு வெளியே பாழடைந்த கல்குவாரிக்கு மேலே கொண்டுபோய் நூலை அறுத்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது. பஸ்ஸில் அந்த நிறுத்தத்துக்குக் குண்டடி என்று பேர். நிறுவனத்தார் தங்கள் கூட்டத்தின் பலன் என்று அதனடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாளியும் திரும்ப வந்தது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

குண்டு போன அன்றே, இருட்டுவதற்குள், டிரைவர் தலையணையும் பெட்டியுமாக வந்து வாசலில் தயங்கினார். "உள்ளதான் வாங்களேன்" என்றாள் தையல்காரி. அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள். உட்காரவைத்துப் பரிமாறினாள். அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டபோது, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது அவளுக்கு. சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்தவர், வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஏம்மா, இந்த ஃபேன் ரொம்ப ஆடுதே. விழுந்துடாதா?"

தையல்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து, அவரோடு சேர்த்துப் பாயைச் சுவரோரமாக இழுத்துவிட்டாள்.