மாப்பிள்ளைக்கு வளர்த்த கோழிகள்

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியும் கையுமாகப் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஏறாவூரில் பெண் பிள்ளை பிறந்த உடனேயே உம்மாமார் கல்லுக்கும் மண்ணுக்கும் அலையத் தொடங்குவது அதனால்தான். எனக்கு ஒரு வீடு, அதே வளவில் என் தங்கை ஸுஹைனாவுக்கு ஒரு வீடு. வாப்பா மௌத்தான பிறகு, அவர் விட்டுப்போன உன்னிச்சை வட்டை வயலை விற்றுத்தான் உம்மா தங்கையின் வீட்டைக் கட்டி முடித்தார். அந்தப் பெரிய வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, சமைக்கிற குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்குத் தன் பாயையும் தலையணையையும் கொண்டுபோய்விட்டார்.

அப்படிக் கட்டிய வீட்டில் மாப்பிள்ளை இரவு தங்க மாட்டேன் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்?

மாப்பிள்ளை மின்ஹாஜை எல்லோரும் தங்கமான பொடியன் என்றுதான் சொன்னார்கள். கட்டாரில் இருந்து வந்து பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தார். தொடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு "கடையில வேல கூட" என்றார். அது பழசானதும் "உம்மாக்குச் சுகமில்ல" என்றார். அவருடைய உம்மா சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கு நின்றதை அன்று காலையில்தான் நான் என் கண்ணால் பார்த்தேன். பகலில் வருவார், சாப்பிடுவார், தங்கையோடு நாலு வார்த்தை பேசுவார். இரவு இஷாத் தொழுகை முடிந்தால் வாவிக்கரையில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்ணைப் பிடிக்கவில்லையாம், கட்டாரில் வேறு யாரோ இருக்கிறாளாம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். என்னிடமே வந்து அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

உம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், சாப்பாடு. மருமகனுக்கென்றே கரடியனாற்றில் சொல்லிவைத்து ஊர்க்கோழிகள் வாங்கியிருந்தார். விடிந்தால் அவித்த முட்டை, மத்தியானம் பொரித்த முட்டை, வெள்ளிக்கிழமை சேவல் கறி. மாப்பிள்ளை தங்காமல் போகப்போக, கவனிப்புப் போதவில்லை போலும் என்று இன்னும் கோழிகள் வாங்கினார். முன்பு கூடு வேலியோரம் இருந்தது. கல்யாணச் சமையலுக்கு அந்த இடம் தேவைப்பட்டதால், கீரி எட்டாத இடமாகப் பார்த்து, புது வீட்டின் பின்சுவரோடு ஒட்டி, மாப்பிள்ளை அறை ஜன்னலுக்குக் கீழே வைத்தார்கள். பிறகு அது அங்கேயே இருந்துவிட்டது.

கோழிகளுக்கும் என்ன வந்ததோ தெரியவில்லை. கொண்டை வெளிறிப்போயின, முட்டை குறைந்தது. பொழுதுபட்டால் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. உம்மா தடியால் ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே அடைத்தார்.

"கண்ணூறுதான் புள்ள, வேறென்ன? மாப்பிள்ளைக்கும் பட்டிரிக்கி, கோழிக்கும் பட்டிரிக்கி" என்று சொல்லி, ஓதிய தண்ணீரை அறையிலும் கூட்டிலும் தெளித்தார்.

தங்கையோ வெக்கையிலும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினாள். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பாராமல் கேட்டாள். "ராத்தா, என்னில என்ன குற?"

அதற்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு நேராக மின்ஹாஜின் கடைக்குப் போனேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. கழற்றிப்போட்ட எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இருக்க வரல்ல தம்பி. ஒண்டு கேக்கணும். எங்கட புள்ளைய வேணாமெண்டா நேர சொல்லுங்க. இப்பிடி ஒளிச்சு ஒளிச்சுத் திரியாதீங்க."

"அல்லாஹ்வே! அப்பிடி இல்ல மதினி." ஆளின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப எப்பிடி?"

நின்ற இடத்திலேயே நெளிந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை தன்பாட்டில் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது. நான் அங்கே பார்ப்பதைக் கண்டு கையை எடுத்தார். பிறகு, மறைத்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தார்.

"கட்டார்ல ஒரு அறைக்குள்ள கனபேர் கிடந்தம். அங்கயிருந்து ஏதோ தோல் வருத்தத்தக் கொண்டு வந்திட்டன் போல. ஸுஹைனாக்குத் தொத்திரும் எண்டுதான் தள்ளிப் படுக்கன். மருந்து பூசுறன். உம்மா வீட்ட போய்ப் படுத்தாக் குறையிது. சரியெண்டு இங்க வந்து ஒரு நாள் படுத்தா மறுகாவும் கிளம்புது." மடித்த சட்டைக் கையை இழுத்து விட்டார். "கலியாணம் முடிச்ச கையோட இத எப்பிடிச் சொல்ற, மதினி? வருத்தக்காரன ஏமாத்திக் கட்டி வெச்சிட்டாங்க எண்டு நினைக்க மாட்டாளா?"

நான் சண்டைக்குத்தான் போயிருந்தேன். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இப்படி ஒரு குழந்தை மனதா என்று பாவமாக இருந்தது. அவர் கடைசியாகச் சொன்னதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவருடைய உம்மா வீட்டில் குறைகிறது, எங்கள் வீட்டில் கூடுகிறது. நோய் வீடு பார்த்தா வரும்?

வந்ததும் தங்கையைப் பிடித்து, அவள் திமிறத் திமிறச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். அதே புள்ளிகள்.

"அவருக்குச் சொல்லிராதீங்க ராத்தா" என்று அழத் தொடங்கினாள். "இதக் கண்டுதான் அவர் அருவருத்துப் போறார்."

ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் சொறிந்துகொண்டு, தன்னால்தான் எல்லாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரிப்பதா, இரண்டு பேருக்கும் முதுகில் ஒன்று போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அறைக்குள் போய் மெத்தையைப் புரட்டினேன். மூட்டைப்பூச்சி இல்லை. ஜன்னல் படியில் மிளகுத்தூள் கொட்டினாற்போல ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் அந்தத் தூள் ஊர்ந்தது. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் இரத்தக் கோடுகள் இழுபட்டன. ஜன்னலால் எட்டிக் கீழே பார்த்தேன். சுவரில் மெல்லிய வரிசையாக அவை கூட்டில் இருந்து ஏறி வந்துகொண்டிருந்தன. வெளியே ஓடிப்போய்க் கூட்டுச் சட்டத்தின் வெடிப்புக்குள் ஈர்க்கை விட்டுக் கிளறினேன். கொத்துக் கொத்தாகக் கொட்டின. கோழிப்பேன்! கோழிகள் ஏன் முருங்கையில் ஏறின என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவற்றுக்கு நம்மைவிடப் புத்தி இருந்திருக்கிறது.

மின்ஹாஜுக்குப் போன் கோல் எடுத்தேன். கடையைப் பூட்டாமலே வந்துவிட்டார். ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சத்தை அடைத்து மிருக வைத்தியர் கந்தோருக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மருந்தும் கையில், உயிரும் முகத்தில்.

"மதினி, இது பேனில்லையாம். ஒரு வகை உண்ணியாம். பகல்ல மர வெடிப்புக்குள்ள கிடக்குமாம், இரவைக்கு வந்து இரத்தம் குடிக்குமாம். கூடிப்போனாப் பகல்லயும் ஊருமாம். ஆக்களையும் கடிக்குமாம், ஆனா நம்மட உடம்பில தங்காதாம். எனக்கு வருத்தம் ஒண்டுமில்லையாம்!"

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஸுஹைனாவிடம்தான் சொன்னார். அவள் கைகளை அவருக்கு முன்னால் நீட்டினாள். அவர் தன் கைகளைப் பக்கத்தில் வைத்தார். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு இரண்டு பைத்தியங்களும் சிரித்தன.

உம்மா சிரிக்கவில்லை. குசினிக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"அப்ப நான்தான் மாப்பிள்ளையத் துரத்தினனா? அவருக்கு எண்டுதானே இத வளத்தன்." அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. "கத்திய எடுங்க. ஒண்டையும் விட மாட்டன்."

"மாமி, அதுகளும் பாவம்" என்றார் மின்ஹாஜ். "நம்மளவிட அதுகளைத்தான் கூடக் கடிச்சிரிக்கி."

அன்று முழுக்க வேலை. கூட்டில் இருந்த வைக்கோலையும் சாக்கையும் எரித்தோம். கூட்டை வளவின் கடைசி மூலைக்கு இழுத்துப்போய், அண்டா அண்டாவாகக் கொதிதண்ணீர் ஊற்றி, வெடிப்பெல்லாம் தேய்த்தோம். மின்ஹாஜ் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் மருந்து அடித்தார். கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் செட்டைக்குக் கீழே மருந்துத் தூளைத் தேய்த்து விட்டோம். தங்கை கோழியைப் பிடிக்க, அவர் தேய்த்தார். ஒரு கோழிக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சுவரையும் ஜன்னலையும் கழுவி, படுக்கைத் துணியையும் உடுப்புகளையும் கொதிதண்ணீரில் போட்டு வெயிலில் காயவிட்டோம்.

மாலை, அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் தேத்தண்ணியோடு இருந்தபோது மின்ஹாஜ் மெல்லச் சொன்னார். "உண்ணிட முட்டை பொரிச்சுப் புதுசு வருமாம். ஒரு கிழமையால இன்னொரு தரம் மருந்து அடிக்கணுமாம். அது வரைக்கும் அறைக்குள்ள கொஞ்சம் கடிக்கும்தான். பறவாயில்ல, நான் இங்கயே படுக்கன்."

உம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. "தேவல்ல மருமகன். உடம்பெல்லாம் புண்ணாக் கிடக்கு. உங்கட உம்மா வீட்ட போய்ப் படுங்க. நானே சொல்றன்."

மாப்பிள்ளை ஒரு இரவாவது தங்க மாட்டாரா என்று தொழுகைப் பாயில் இருந்து அழுத மனுஷி, இப்போது தன் வாயாலேயே போகச் சொன்னார். 

"அப்ப நானும் போறன்" என்றாள் ஸுஹைனா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணம் முடித்த பெண் மாமியார் வீட்டில் போய்த் தங்குவதா? எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத சங்கதி. வாப்பாவின் காணி போனது, உம்மா குசினி அறைக்குப் போனது எல்லாம் இந்தப் பிள்ளை இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பதற்காகத்தானே.

"ஊரென்ன சொல்லும் புள்ள?" என்றார் உம்மா.

"இவ்வளவு நாளும் நான் இங்க தனியக் கிடக்கக்க நல்லதாவா சொன்ன?"

உம்மா அவளைப் பார்த்தார். அவளுடைய கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கொடியில் மொறுமொறுவென்று காய்ந்திருந்த உடுப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறினார். ஒரு பூச்சிகூடத் தொத்திக்கொண்டு போகக்கூடாது என்று மடிப்பை விரித்து விரித்துப் பார்த்து, பைக்குள் வைத்தார். பையை ஸுஹைனாவிடம் கொடுக்கவில்லை, மின்ஹாஜிடம் கொடுத்தார்.

"வீடு எங்கயும் ஓடாது" என்றார் தங்கையிடம். "நீ உன்ட மாப்பிள்ளையோட போ."

மோட்டார் சைக்கிள் வாசல் படலையைத் தாண்டிப் போயிற்று. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் உம்மாவின் முகத்தில் நிம்மதியைக் கண்டேன்.