காசிநாதன் நிழல் சாப்பிட்ட வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த காசிநாதனின் நிழல் பக்கத்து வீட்டில் சாப்பிட ஆரம்பித்தது. காசிநாதன் தன் வீட்டில், பெண்டாட்டி செண்பகம் போட்ட சோற்றுக்கு முன்னால்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சாயங்கால வெயில் வாசல் வழியாக விழும் நேரம், அவன் முதல் கவளத்தை எடுத்ததும் நிழல் மட்டும் எழுந்து, சுவரோரமாக நடந்து, பக்கத்து வீட்டுச் சவுரியம்மாளின் அடுப்பங்கரையில் போய்க் குந்தும். அரைமணி கழித்துத் திரும்பி வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷம் கேழ்வரகு நல்ல விளைச்சல்.

சவுரியம்மாள் புருஷனை இழந்தவள். அவள் வீட்டில் கேழ்வரகு, கொள்ளு, புளி, மிளகாய், உப்பு தவிர வேறு சாமான் கிடையாது. தினமும் களியும் கொள்ளு ரசமும்தான். செண்பகமோ விரிஞ்சிபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாரம் ஒருமுறை தலைக்கறி எடுப்பாள், நெய் ஊற்றிப் பருப்பு கடைவாள். இத்தனையும் இருக்க, நாலு கொள்ளுப் பயறைக் கொதிக்க வைக்கிறவளிடம் நிழல் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். புருஷன் முழுசாக அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"அது போவுதுன்னா நான் இன்னா பண்றது? நான் இங்கதானே குந்தினுகீறேன்" என்றான் காசிநாதன்.

செண்பகம் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"எம் புருஷன் நெழலுக்கு உன் ஊட்ல இன்னா வேலை?"

"நான் கூப்புடல செண்பகம். நீயே இட்டுனு போ. நெழலுதானே, எவ்ளோ துன்னுடப் போவுது" என்று சவுரியம்மாள் சொல்லிவிட்டுக் களியைக் கிண்டினாள்.

நிழலைக் கையைப் பிடித்து இழுக்கச் செண்பகத்தால் முடியவில்லை. தோலை விரித்து அடிக்கும் ஆணிகளைக் கொண்டுவந்து அதன் ஓரங்களைத் தரையில் அறைந்தாள். நிழல் ஈரத்தோல் போல நீண்டுகொண்டே போய், பக்கத்து வீட்டில் தலையை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது. பிறகு அவளும் அதே ஐந்து சாமானை வாங்கி, அதே களியும் ரசமும் செய்தாள். நிழல் அப்போதும் போயிற்று. சவுரியம்மாள் வசிய மருந்து ஏதோ போடுகிறாள் என்று செண்பகம் முடிவு கட்டினாள். சுவர் ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தபோது, சவுரியம்மாள் ஒரு சட்டியிலிருந்து ஆவாரம்பட்டைத் தூளை அள்ளிக் குனிவது தெரிந்தது. அது ஷாப்பில் தோலைப் பதப்படுத்திக் கழித்த பட்டைச் சக்கை, காயவைத்து அடுப்பெரிக்க எடுத்தது. செண்பகம் வீட்டில் எரிந்தது சவுக்கு விறகு, அவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது. ஷாப்பு வாசலில் கிடந்த புதுப் பட்டையை இடித்து, இரண்டு பிடி ரசத்தில் போட்டாள்.

மூன்றாம் நாள் காசிநாதனின் நாக்கு தோல் போலப் பதமாகிவிட்டது. ஷாப்பு மேஸ்திரி ராமலிங்கம் விரலால் தடவிப் பார்த்து, முதல் தரம் என்றார். நாற்பது நாள் அவனுக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. ஒருத்தி சமையலும் இனி அவனுக்கு ருசிக்காது என்று செண்பகம் அந்த நாட்களில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தாள். ஆனால் நிழலின் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஒரு நாள் தவறாமல் போய்வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் செண்பகத்தின் நிழலும் எழுந்தது. சவுரியம்மாள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அவள் சபதம் செய்திருந்தாள். நிழல் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு நிழலும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கல்யாணத்தன்றைக்குப் பிறகு காசிநாதன் அவளோடு ஒரு தட்டில் சாப்பிட்டதே இல்லை. தன் நிழலைப் பார்த்தே அவளுக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. சவுரியம்மாளாவது வேற்றாள். இது தன் காலடியில் கிடந்த நாய்.

நிழல் திரும்பி வந்து காலில் ஒட்டியதும், அது சாப்பிட்ட ருசி அவள் நாக்குக்கு ஏறியது. செண்பகம் மூன்று தரம் சப்புக்கொட்டிப் பார்த்தாள். தான் வைக்கும் அதே ரசம். உப்பு ஒரு கல் கம்மி, அவ்வளவுதான். ஏதாவது மருந்து இருந்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பாள். ஒன்றும் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நிழலில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வந்து போகிறவர்கள் பார்ப்பார்கள், வந்த சேதியைச் சொல்லுவார்கள், போவார்கள். சவுரியம்மாள் கொள்ளு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டாள். மழைக்காலத்தில் வெயில் சீக்கிரம் மங்கிவிடும், அப்புறம் நிழல்கள் எழ முடியாது. அந்த மாதங்களில் செண்பகம் களியை நேரத்தோடே கிண்டி இறக்கி, "சீக்கிரம் குந்துய்யா, அதுங்க போற நேரமாச்சி" என்பாள்.