மாப்பிள்ளையின் வெள்ளைக் குட்டிகள்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தவள் நிமிர வேண்டுமென்றால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, தவணை தவணையாகத்தான் நிமிர முடிந்தது. விடிந்ததிலிருந்து முயல் கொட்டகையில் புழுக்கைத் தட்டுகளை உருவிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர சிமெண்டின் குளிர் முழங்கால்வரை ஏறியிருந்தது.

"இங்க வா! இது என்னன்னு நீயே சொல்லு!"

பெரியவரின் குரல். கொட்டகை அவருடையது. அவள் புருஷனுக்கு அண்ணன். வயதால் அல்ல, வாயால் பெரியவர். தம்பி லாரி ஓட்டப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அதுவரை அவள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் தனியாகத்தான் கிடப்பாள்.

பிடரியைப் பிடித்து ஒரு குட்டியைத் தூக்கிக் காட்டினார். இப்போதுதான் முடி முளைத்த குட்டி. முடி வெள்ளை, கண் சிவப்பு. பக்கத்தில் தோல் வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"நான் பழுப்புத் தோலுக்குத்தான் விலை பேசினேன். வெள்ளை கலந்த சரக்கு எனக்கு வேணாம்."

"இவ செஞ்ச வேலைங்க. கூண்டைத் திறந்து போட்டிருக்கா. பக்கத்துக் கொட்டகை வெள்ளை ஆண் உள்ள பூந்துருச்சு."

"மூடித்தான் வச்சேன், மாமா. கொக்கி போட்டு மேல கம்பியும் முறுக்கினேன்."

"மூடின கூண்டுல வெள்ளை ஆகாசத்துல இருந்தா குதிச்சுச்சு? கூண்டுக் கதவையே மூடத் தெரியாதவ, புருஷன் இல்லாதப்ப வீட்டுக் கதவை மட்டும் மூடியா வச்சிருக்கப் போறா?"

வியாபாரியோடு வந்திருந்த மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வியாபாரி செருப்பைப் பார்த்தார். அவள் காது மடல் கொதித்தது. கையிலிருந்த சுரண்டியை அந்த வாயிலேயே வைத்திருப்பாள். ஆனால் தலைக்குமேல் இருந்த கூரையும் அந்த வாய்க்குச் சொந்தம்.

"மாசக் கடைசியில பெட்டியைக் கட்டு" என்றவர், குட்டி போட்ட தாய் முயலை வெளியே இழுத்தார். அந்தக் கொட்டகையில் அதுதான் வழக்கம். வெள்ளைக் குட்டி பிறந்தால் தாய் சரியில்லை; தாயை அறுத்துவிடுவார்கள்.

முயல்களின் காதுச் சொறிக்கு மருந்து போட வந்திருந்த கால்நடை மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் நில்லுங்க. இதுக்கு முன்னாடியும் வெள்ளை விழுந்திருக்கா?"

"விழுந்துருக்கு. இவ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே. போட்டதையெல்லாம் அப்பப்பக் கழிச்சுட்டோம்."

"தாயைக் கழிச்சீங்க. அப்பன் யாரு?"

பெரியவர் மூலைக் கூண்டைக் காட்டினார். உள்ளே தேன் நிறத்தில் கொழுத்த ஆண் முயல் கீரையை மென்றுகொண்டிருந்தது. அவர் ஆசையாக வாங்கி வந்தது. பெயர் மாப்பிள்ளை. இங்கே பிறக்கும் குட்டிக்கெல்லாம் அப்பன் அதுதான். வாங்கி வந்த நாளாய் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

"நிறத்துக்கு ஒரு ஜீன் இருக்குங்க" என்றாள் மருத்துவர். "அந்த ஜீன்ல வேற வேற தினுசு உண்டு. தினுசுக்குப் பேரு அல்லீல். குட்டிக்கு அப்பன் ஒண்ணு, ஆத்தா ஒண்ணுன்னு ரெண்டு அல்லீல் கொடுக்கும். ஒண்ணு பழுப்பு, ஒண்ணு வெள்ளைன்னா வெளிய தெரியுறது பழுப்பு மட்டுந்தான். வெள்ளை உள்ள பதுங்கிக் கிடக்கும்."

"எப்படி? சட்டைக்குள்ள பனியன் மாதிரியா?" என்றார் பெரியவர். மூட்டைக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

"அப்படியே வச்சுக்குங்க. அப்பனும் ஆத்தாளும் சட்டையைக் கொடுக்காம ஆளுக்கொரு பனியனைக் கொடுத்தா, பிள்ளைக்குப் பனியன்தானே மிஞ்சும்? வெள்ளைக் குட்டின்னா ரெண்டு பக்கமும் வெள்ளை வந்துருக்கு. நீங்க ஒரு பக்கத்தை மட்டும் அறுத்துட்டு, இன்னொரு பக்கத்துக்குக் கீரை போட்டு வளர்க்கறீங்க. அதோட மகள்களையும் அதுகிட்டயே விடறீங்க. வெள்ளை பெருகாம என்ன செய்யும்?"

"புஸ்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான். மாப்பிள்ளை சுத்த ரத்தம்."

"சுத்தமான்னு பார்த்துடலாமே. வெள்ளைப் பெட்டைக்கிட்ட வெள்ளையைத் தவிர கொடுக்க வேற ஒண்ணும் கிடையாது. அதோட சேர்த்துவிடுங்க. ஒரு குட்டி வெள்ளையா வந்தாலும், மாப்பிள்ளை கொடுத்த வெள்ளைதான்."

அவள் சுரண்டியைக் கீழே போட்டாள்.

"சேர்த்துவிடுங்க, மாமா. கூண்டுக்கு உங்க பூட்டு, உங்க சாவி. நான் கிட்டவே வரமாட்டேன். எல்லாம் பழுப்பா வந்தா நானே பெட்டியைக் கட்டறேன். வெள்ளை வந்தா, இன்னைக்குச் சொன்னதை இவங்க எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும்."

"சொல்றேன் போ. வரட்டும் பார்க்கலாம்."

பக்கத்துக் கொட்டகையிலிருந்து, அதுவரை எந்த ஆணோடும் சேர்க்காத வெள்ளைப் பெட்டை ஒன்று வந்தது. மாப்பிள்ளையோடு சேர்த்து எடுத்ததும் அதைத் தனிக் கூண்டில் வைத்துப் பூட்டினார் பெரியவர். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். தீவனமும் தண்ணீரும் அவரே வைத்தார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சாவியை ஆட்டிக் காட்டுவார். அவள் பதிலுக்குக் காறித் துப்புவாள், புழுக்கைத் தட்டில்தான்.

மாதம் ஒன்று கழிந்து குட்டிகள் விழுந்தன. எல்லாம் ஒரே மாதிரி, மொட்டைச் சிவப்புத் தோல். முடி முளைக்க முளைக்கத்தான் சாயம் வெளுத்தது. பாதி பழுப்பு, பாதி வெள்ளை.

பெரியவர் வெகுநேரம் கூண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பூட்டைத் தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பூட்டு பூட்டாகத்தான் இருந்தது.

தோல் வியாபாரி மறுபடி வந்த அன்று மூட்டைக்காரர்களும் இருந்தார்கள். அவள் வேண்டுமென்றே நடுவில் வந்து நின்றாள்.

"ஆண் சரியில்லீங்க, அறுத்தாச்சு. இனி சரக்கு சுத்தமா வரும்" என்றார் பெரியவர். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வியாபாரி போனதும் அவள் பக்கம் திரும்பாமலே, "நீ இங்கேயே இருந்துக்க. கூலியும் ஏத்தித் தர்றேன்" என்றார்.

"கூலியா கேட்டேன்?"

"அதான் இருக்கச் சொல்லிட்டேனே. இன்னும் என்ன வேணுங்கற?"

"கூண்டுக் கதவைப் பத்தி நீங்க பேசினது முடிஞ்சுது, மாமா. வீட்டுக் கதவைப் பத்திப் பேசினது அப்படியே நிக்குது."

அவர் தீவன மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு, நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பெரியவர் அவளுக்குப் பாக்கி. இன்றுவரை தரவில்லை.