கட்டைவிரல் பழக்கம்

பழைய ஃப்ரிட்ஜிலிருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கத் தெரிந்தவர்தான் இனி ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை நடத்தலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பயிற்சி இலவசம். பரீட்சையில் தேறினால் உரிமம், தேறாவிட்டால் கடைக்குப் பூட்டு. ஆண் ஒருவர் சேர்ந்தால் வீட்டுப் பெண் ஒருத்தியும் சேர வேண்டும் என்பது விதி. அதனால்தான் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் தன் மருமகளை இழுத்து வந்தார். இல்லாவிட்டால் அவளாவது, கடைப்பக்கம் வருவதாவது!

"இவளுக்கு என்ன தெரியும்? என் பிள்ளைய முழுங்கிட்டு ஒக்காந்திருக்கா," என்று முதல் நாளே வகுப்பில் எல்லார் காதிலும் விழச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். விபத்தில் செத்தவனுக்கு அவள் என்ன செய்வாள்? மனுஷனுக்கு நாக்கில் நரம்பில்லை. அவள் குனிந்து குழாயைத் துடைத்தாள்.

பரீட்சையன்று காலையில் அவள் தேறிவிட்டாள். "குருட்டாம்போக்குல பாஸாயிட்டா," என்றார்.

மதியம் அவர் முறை. குழாய் பிடிக்க அவள் பக்கத்தில் நின்றாள். கேஸ் இருக்கிறதா என்று வால்வின் ஊசியைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது தொழிலில் ஊறிய பழக்கம். அமுக்கினால் கொஞ்சம் கேஸ் காற்றில் போய்விடும்; பரீட்சையில் அதற்கு மன்னிப்பே கிடையாது. அவருக்கும் தெரியும்தான். தலைக்குத் தெரிந்து என்ன, விரலுக்குத் தெரிய வேண்டாமா? விரல் வால்வுக்குப் போவதை அவள் பார்த்தாள். 'மாமா' என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

புஸ்ஸென்று சத்தம்.

அடுத்த மேஜையில், இரைகிற மெஷின் பக்கம் நின்ற பரீட்சை அதிகாரி திரும்பினார். "என்னம்மா, கேஸ் ஏதும் போச்சா?"

மெக்கானிக் மருமகளைப் பார்த்தார். அந்தக் கண் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு இனித்தது.

"போச்சு சார். விரலால அமுக்கிட்டாரு. எப்பவும் இப்படித்தான்."

வாசலுக்கு வந்ததும் அவர் குரல் உடைந்தது. "என் கடையப் பறிச்சிட்டியேடி!"

"கடை எங்கயும் போகல மாமா. உரிமம்தான் எங்கிட்ட இருக்கே. வேணும்னா எடுபிடியா வாங்க."

"செத்தாலும் வரமாட்டேன்."

மறுநாளே வந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. ஃப்ரிட்ஜ் கொண்டு வந்த புது ஆள் ஒருவர், மூலையில் நின்றவரைக் காட்டி, "பெரியவர் யாரும்மா?" என்று கேட்டார்.

அவள் நிமிரவே இல்லை. "தரை கூட்ட வெச்சிருக்கேன் சார்."