சொந்த லயத்தில் சிறைவாசம்

1917ஆம் வருஷம் மலாயாவில் கூலாய்க்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் சிவசம்பு ஜெயிலராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். விதி என்று ஒன்று அச்சில் இருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து நடத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஜெயில் இருபது பேருக்கென்று கட்டியது. அந்த மழைக்காலத்தில் அதற்குள் எழுபத்தோரு பேர் இருந்தார்கள்.

பாதிப் பேர் படுத்தால் மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். மணியடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். படுத்தவர்களில் ஒருவன் புரண்டால் வரிசையே புரளும். ஒருவனுக்குச் சொறி வந்தால் நாலாம் நாள் எல்லாருக்கும் வந்துவிடும். கதவு வேறு உள்பக்கமாகத் திறப்பது. கஞ்சி வாளி உள்ளே போக வேண்டுமானால் வார்டர், "எல்லாரும் மூச்ச உள்ள இழுங்க!" என்று கத்துவான்.

இவர்களில் திருடர்கள் ஆறு பேர், கள்ளச் சாராயம் காய்ச்சியவன் ஒருவன். மற்ற அறுபத்து நாலு பேரும் ஏழு மைல் தள்ளியிருந்த கல்லுமேட்டுத் தோட்டத்து ரப்பர் பால்வெட்டுக்காரர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது அப்போது குற்றம். சொன்னாலோ தோட்டத்துக் கணக்கரான கிராணி அதை எழுதிக்கொள்வதில்லை. அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல்; மருந்து கிடையாது; அரிசியில் பாதி கல். ஆகவே ஓடினார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை விடாமல் பிடித்துவரச் செய்தார். மாஜிஸ்திரேட் ஆளுக்கு மூன்று மாதம் போட்டார்.

"இனி நிற்கவும் இடமில்லை" என்று சிவசம்பு மாஜிஸ்திரேட்டிடம் போய் முறையிட்டார்.

"தண்டனை கொடுப்பது என் வேலை. இடம் கொடுப்பது உம்முடைய வேலை" என்றார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை துரையே ஜெயில் வாசலில் வந்து இறங்கினார்.

"துரை, இன்று ஒருவரையும் எடுக்க முடியாது."

"நான் ஆள் கொடுக்க வரவில்லை, கேட்க வந்தேன். மரங்கள் பால் வெட்டாமல் நிற்கின்றன. கைதிகளை வேலைக்கு அனுப்பலாம் என்று விதி இருக்கிறதாமே? பால்வெட்டத் தெரிந்தவர்கள் யாராவது உம்மிடம் உண்டா?"

சிவசம்பு கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தி நெடுநேரம் இருமினார். பிறகு, "அறுபத்து நாலு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

தினம் ஏழு மைல் போய்வர முடியாது. தொழிலாளர் குடியிருந்த தோட்டத்து லயத்தில்தான் அத்தனை அறைகள் காலியாகக் கிடந்தன. அந்த லயமும் ஜெயிலின் ஒரு பகுதி என்று மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டார். மாத்தாமாத்தா என்கிற போலீஸ்காரர்கள் இரண்டு பேர் காவலுக்கு வர, அறுபத்து நாலு பேரும் ஓடிவந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

அவர்களில் ஐயாசாமி என்பவனின் மனைவி அங்கம்மா லயத்து வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னா, தண்டன முடிஞ்சிருச்சா?"

"இல்ல. தண்டனையே இனிமே இங்கதான்."

"அப்ப முந்தி இங்க இருந்தீங்களே, அது என்னா?"

"அது வேல" என்றான்.

கைதிக்குச் சுத்தமான அரிசி, பருப்பு, உப்புமீன். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து பார்த்துக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்க வேண்டும். இதெல்லாம் விதி; செலவு தோட்டத்துடையது. முதல் நாளே சிவசம்பு தோட்டத்து அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்து மூட்டையைத் திருப்பி அனுப்பினார். கிராணி சதாசிவம், அவரும் யாழ்ப்பாணத்தவர்தான், கோபமாக வந்தார்.

"இவ்வளவு காலமும் இதைத்தானே திண்டவங்கள்?"

"உங்கட ஆக்களாய் இருக்கேக்க திண்டிருப்பினம். இப்ப அரசாங்கக் கைதியள். கல்லுச் சாப்பிட இவைக்கு உத்தரவில்லை."

மூன்றே வாரத்தில் கைதிகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. அடுத்த அறையில் கைதியாகாத குடும்பம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் வெள்ளையம்மா என்ற பால்வெட்டுக்காரி சிவசம்புவை வழிமறித்தாள்.

"ஐயா, என்னையும் கைதியா எழுதிக்குங்க."

"நீ என்ன குற்றம் செய்தனீ?"

"என்னா செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிட்டு வந்துடுறேன்."

அவர் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மாவும் இன்னும் முப்பத்தேழு பேரும் பாயும் சட்டியுமாக ஏழு மைல் நடந்து வந்து ஜெயில் வாசலில் உட்கார்ந்தார்கள். "நாங்க தோட்டத்த விட்டு ஓடி வந்துட்டோம், ஐயா. புடிங்க."

அப்போதுதான் கைகாலை நீட்டிப் படுத்திருந்த ஆறு திருடர்களும் உள்ளேயிருந்து, "இடமில்ல, இடமில்ல!" என்று கூச்சலிட்டார்கள்.

மறுநாள் காலை அவர்கள் கோர்ட்டு வாசலுக்கு இடம் மாறியிருந்தார்கள்; உள்ளே போக மாஜிஸ்திரேட் முப்பத்தெட்டுப் பேரையும் தாண்டிக் குதிக்க வேண்டியதாயிற்று. நாற்காலியில் அமர்ந்ததும், வரவழைத்திருந்த துரையைக் கேட்டார்: "இவர்களுக்கும் மூன்று மாதம் போடுகிறேன். வழக்கம்போல உம்முடைய லயத்துக்கே அனுப்பட்டுமா?"

துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் முப்பத்தெட்டுப் பேருக்குக் கொய்னா, பருப்பு, உப்புமீன், மேற்பார்வைக்குச் சிவசம்பு. மருந்துகூடப் போகட்டும், சிவசம்புவை நினைத்துத்தான் அவர் முகம் வாடியது.

"வழக்கு வேண்டாம்" என்றார்.

"வழக்கு வேண்டாம் என்றால் நாளைக்கும் வந்து உட்காருவார்கள். எனக்குக் குதிக்கிற வயசு இல்லை."

அன்று மாலையே தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அரிசி, ஒரே மருந்து என்று தண்டோரா போட்டார்கள். வெள்ளையம்மா கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது. அதன்பிறகு தோட்டத்திலிருந்து ஒருவரும் ஓடவில்லை.

தவணை முடிந்த அன்று சிவசம்பு லயத்துக்கு வந்து அறுபத்து நாலு பேரையும் பெயர் சொல்லி விடுதலை செய்தார். பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஐயாசாமி தங்கவில்லை. தெப்ரா என்ற ஊரில் அங்கம்மாவின் அண்ணன் காய்கறித் தோட்டம் போட்டிருந்தான். ஐயாசாமி ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, கிராணி எழுதிய சீட்டில் கைநாட்டு வைத்து, கடைசி நாள் வரை பால் வெட்டினான்.

மூட்டையோடு அவர்கள் புறப்பட்ட காலையில் துரை எதிரே வந்தார். தோட்டத் தமிழில் அதட்டினார்: "ஏய், எங்கே ஓடுறான்?"

"ஓடல தொரை" என்று ஐயாசாமி சீட்டை நீட்டினான். "நடந்துதான் போறேன்."

துரை சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதையை விட்டு ஒதுங்கி நின்றார். அங்கம்மா மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு முன்னே நடந்தாள்.